குழந்தையின் தலை வடிவம்: யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேண்டாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் நரம்பு அறுவை வார்டில் நர்ஸாக இருந்த அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, மகளுக்கு 3 மாதம். பின்தலை வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது. குளிப்பாட்டும்போது நான் தலையை ஒழுங்காகப் பிடித்துவிடவில்லை என்று ஆயா திட்டுகிறார். ஆபரேஷன் வேண்டியிருக்குமா?

பதில்: அநேகமாக வேண்டாம், தங்கச்சி. தலைக்கு மேலிருந்து பாருங்கள். தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சற்று முன்னால் வந்திருந்தால், ஒரே பக்கமாகப் படுத்ததால் வந்தது அது. விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். கழுத்தை மறுபக்கம் திருப்பவே மாட்டேன் என்றால் பிசியோதெரபி பாருங்கள். தூக்கம் மட்டும் மல்லாந்துதான், அதில் பேச்சே இல்லை. ஆயாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அமுக்கி உருட்டி மண்டையோட்டுக்கு வடிவம் கொண்டுவர முடியாது.

டொங்காட்டிலிருந்து: பையனுக்கு 2 மாதம். தலை நீளமாக, ஒடுக்கமாக இருக்கிறது. உச்சி நெடுக ஒரு மேடு கைக்குத் தட்டுப்படுகிறது. ஆறு மாதம் போகட்டும் என்கிறார்கள்.

பதில்: போகவிடாதீர்கள். மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் இணைப்புகள் மூளை வளர இடம் கொடுப்பவை. உச்சி நெடுக ஓடும் இணைப்பு முன்கூட்டியே மூடிக்கொண்டால் தலை பக்கவாட்டில் விரிய முடியாமல் முன்னும் பின்னும் நீளும். இந்த வகைக் கோளாறில் இதுதான் அதிகம், ஆண் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். 3, 4 மாதத்துக்குள் என்றால் சிறு கீறல் போட்டு, எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) வைத்து, மூடிய எலும்பை எடுத்துவிடலாம். பிறகு சில மாதம் தலைக்கு வடிவம் கொடுக்கும் ஹெல்மெட் போடவேண்டும். அந்தக் காலம் தாண்டினால் பெரிய ஆபரேஷன்தான். உச்சிக்குழி திறந்திருக்கிறதே என்று சமாதானமாகிவிடாதீர்கள், இணைப்பு மூடியிருந்தாலும் அது திறந்திருக்கலாம். இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு இப்போதே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

பீனிக்ஸிலிருந்து: 8 மாதக் குழந்தைக்கு நெற்றி நடுவே கோடு மாதிரி மேடு.

பதில்: நெற்றி இணைப்பு 3 முதல் 9 மாதத்துக்குள் இயல்பாகவே மூடும். மேடு மட்டும் என்றால் விட்டுவிடலாம். நெற்றி முக்கோணமாகக் கூர்ந்து, கண்கள் நெருங்கியிருந்தால் காட்டுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: அடுத்த மாதம் மகனுக்குப் பெரிய ஆபரேஷன். ரத்தம் ஏற்றுவார்களாம். பயமாக இருக்கிறது.

பதில்: 8 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 650 மில்லி அளவு ரத்தம்தான். பெரியவர்களுக்கு ஒன்றுமில்லாத ஒரு டீ கப் இழப்பு அவனுக்குப் பெரிது, அதனால்தான் முன்கூட்டியே தயாராக வைப்பார்கள். எலும்பை எடுத்து, வடிவம் மாற்றி, பெரும்பாலும் தானாகக் கரையும் தகடுகளால் பொருத்துவார்கள். ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: ஆபரேஷனுக்குப் பிறகு முகம் வீங்கி, இரண்டு மூன்று நாள் கண்ணே திறக்காது. வார்டில் அம்மாக்கள் உடைந்துபோவது அப்போதுதான். அவனுக்கு உங்கள் முகம் தெரியாது, ஆகவே பேசிக்கொண்டே இருங்கள்.

அவரே மறுபடியும்: தைப்பூசக் காவடிக்கு மொட்டை அடிப்பதாக வேண்டுதல் இருக்கிறது, செய்யலாமா?

பதில்: காயம் முழுக்க ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகு தாராளமாக. ஒரு காதிலிருந்து மறு காது வரை வளைந்து வளைந்து போகும் தழும்பு தெரியும். முடி வளர்ந்தால் மறைவதற்காகத்தான் அப்படிக் கீறுகிறார்கள். கோயிலில் யாராவது கேட்டால் சொல்லிவிட்டுப் போங்கள்.