ஏற்காடு இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப் புண்: யாரிடம் கேட்பது?

வணக்கம் சகோ. ஏற்காட்டு முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே புண், கேட்டால் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது பதிலே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் புண் வராது. முதலில் புண்ணைத் தேதியோடு போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், சண்டை அப்புறம். குதிகாலையும் பாருங்கள். புண் தொடங்கும் இடம் சிவக்கும், ஆனால் நம்ம நிறத்தில் அது சட்டென்று தெரியாது. தொட்டால் அந்த இடம் சூடாக, கெட்டியாக இருக்கலாம். இதைக்கூட அறியாத ஊழியர் என்றால் பயிற்சியே தரவில்லை.

திருப்பிப் போட்ட நேரம் எழுதும் நோட்டைக் கேளுங்கள். வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்தா? மொத்தமாக உட்கார்ந்து எழுதியது! இரவில் நர்ஸ் உண்டா என்றும் கேளுங்கள். அவசரமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் ஜி.எச். போக வேண்டும்.

சரியான பதில் வராவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இல்லத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.