கருப்பை எடுத்தபின் உள்ளே போடும் தையல்: ரொபோ அவசியமா?

கேள்வி: உப்புவெளியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 46. கருப்பையில் நார்க்கட்டிகள், மாதாமாதம் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு. கருப்பையை எடுத்துவிடலாம், துளை போட்டே செய்யலாம் என்று இங்கே டொக்டர் சொல்கிறார். சென்னையில் இருக்கும் மைத்துனியோ, "இங்கே ரொபோ தைக்கும், ஒரு தையலும் பிசகாது, வந்துவிடு" என்கிறா. நகையை அடகு வைத்தாவது போகலாமா? அந்தச் சின்னத் துளைக்குள் ஊசி நூலை எப்படித்தான் கொண்டுபோவார்கள்? டிசம்பரில் பாடசாலைச் சீருடை ஓடர் வரும். அதற்குள் மெஷினில் உட்காரலாமா?

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ரொபோ தானாக ஒரு தையலும் போடுவதில்லை. டொக்டர் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து கையை அசைக்கிறார், அந்த அசைவை இயந்திரக் கை உள்ளே செய்கிறது. அவ்வளவுதான். உங்கள் மெஷின் தானாகச் சட்டை தைக்காதது போலத்தான்.

நீங்கள் தையல்காரி என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். துளை வழியாகச் செய்யும்போது வயிற்றைக் காற்றால் உப்பவைத்து, 5 முதல் 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய்களைச் செருகுவோம். ஒன்றின் வழியாகக் கமரா, மற்றவற்றின் வழியாக ஓரடிக்குச் சற்று மேல் நீளமான கருவிகள். வளைந்த ஊசியை நேராகப் பிடித்து உள்ளே தள்ள முடியாது. ஊசிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் நூலைப் பிடித்துக்கொண்டால், ஊசி வால் போலத் தொங்கிக்கொண்டே குழாய்க்குள் வந்துவிடும். நூலும் நீளமாக இருக்கக்கூடாது. முடிச்சுப் போட 15 சென்ரிமீற்றர் போதும். கூடினால் உள்ளே சிக்குப்படும், சிக்கெடுப்பது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் தோணித் துடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் தண்ணீருக்குள் இருக்கும் நுனி வலப்பக்கம் போகும். வயிற்றுத் துளையில் ஊன்றி நிற்கும் கருவியும் அப்படியே தலைகீழாக அசையும். நுனி மடங்காது. ஊசியோ தசைக்குள் செங்குத்தாக இறங்கி, தன் வளைவிலேயே சுழன்று வெளியே வரவேண்டும். கோணம் கொஞ்சம் தவறினாலும் தசையைக் கிழிக்கும். முடிச்சுக்கு, நூலை வளைத்து ஒரு கருவியைச் சுற்றி இரண்டு சுற்று, மறுநுனியைக் கவ்வி எதிரெதிர்ப் பக்கம் இழுப்பு, அடுத்தது மறுதிசையில் ஒரு சுற்று. நான் பழகியது துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் ஒரு துணித்துண்டில். முதல் முடிச்சுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போனது, அதுவும் அவிழ்ந்துவிட்டது.

இந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான் ரொபோ. 2000 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி இயந்திரத்தின் கருவி நுனிக்கு மணிக்கட்டு உண்டு, எந்தக் கோணத்திலும் ஊசியைத் திருப்பலாம். கைநடுக்கத்தை வடிகட்டிவிடும். தைத்துக்கொண்டே நூலை வெட்டும் அலகுள்ள ஊசிபிடிப்பானும் இருக்கிறது. குறையும் உண்டு. பழைய மொடல்களில் நூல் எவ்வளவு இறுகுகிறது என்று கைக்குத் தெரியாது, கண்ணால் பார்த்தே மட்டுக்கட்ட வேண்டும், பழகாதவர் இழுத்தால் நூல் அறுந்துவிடும். இழுவையைக் கைக்கு உணர்த்தும் மொடல் 2024 இல்தான் வந்தது. விலைக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் தன் பாவனையைத் தானே எண்ணிக்கொள்ளும். பலவற்றுக்கு 10 தடவைதான் கணக்கு, 2020 இல் சிலவற்றுக்கு 12 முதல் 18 என்று கூட்டினார்கள். அதன்பின் இயந்திரம் அதை ஏற்காது. அந்தச் செலவு உங்கள் பில்லில்தான் ஏறும்.

சரி, பலன்? புற்றுநோயல்லாத காரணத்துக்காகக் கருப்பை எடுத்த 264,758 அமெரிக்கப் பெண்களின் விவரங்களை வைத்து 2013 இல் ஓர் ஆய்வு வந்தது. சிக்கல் ஏற்பட்டவர்கள் ரொபோவில் 5.5 சதவீதம், சாதாரணத் துளை முறையில் 5.3 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். செலவோ ரொபோவில் ஆளுக்கு இரண்டாயிரம் டொலருக்கு மேல் கூட. மிகப் பருமனானவர்களுக்கும் சில புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைகளுக்கும் நானே ரொபோவைச் சிபாரிசு செய்வேன். உங்களுக்கு மாட்டேன்.

நீங்கள் கேட்கவேண்டியது வேறு. கருப்பையை எடுத்ததும் யோனியின் மேல்முனை திறந்திருக்கும். அதை மூடும் தையல்தான் இந்த ஒப்பரேஷனின் உயிர்த்தையல். வயிற்றைக் கீறிச் செய்வதைவிட, துளை முறையிலும் ரொபோவிலும் இது பிரிவதற்கான வாய்ப்புச் சற்றுக் கூட. அரிதுதான், ஆனால் பிரிந்தால் குடல் கீழே இறங்கலாம். ஆகவே டொக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: அந்த முனையை மேலிருந்து, வயிற்றுத் துளை வழியாகத் தைப்பீர்களா, கீழ்வழியாக, அதாவது யோனி வழியாகவா? எந்த நூல்? இப்படி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

கீழ்வழியாகத் தைப்பேன் என்றால் குறைவாக நினைக்காதீர்கள். சாதாரண ஊசிபிடிப்பானால் கண்ணெதிரே போடும் தையல் அது, விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. மேலிருந்து தைப்பவர்கள் இப்போது முள் நூலையும் பாவிக்கிறார்கள். தூண்டிலில் இருக்கும் எதிர்முள் போல நூலின் உடம்பெல்லாம் பொடிப்பொடியாக முட்கள். முன்னே போகும், பின்னே வராது, முடிச்சே வேண்டாம். கடைசியில் இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு ஒட்ட வெட்டவேண்டும். வால் நீட்டிக்கொண்டிருந்தால் குடல் அதில் கொழுவிக்கொள்ளும். இரண்டு அலகுக்கிடையே ஊசி தாவித் தாவிப் போகும் கருவியும் உண்டு. மெஷின்காரி நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். அதற்கு 10 மில்லிமீற்றர் துளை வேண்டும்.

10 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள துளை என்றால், தோலுக்கு அடியிலுள்ள உறையையும் தைக்கிறார்களா என்று விசாரியுங்கள். குரோஷே ஊசி போன்ற ஒன்றால் நூலை இழுத்துக் கட்டுவார்கள். விட்டுவிட்டால் பின்னால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். முடியுமானால் முழு ஒப்பரேஷனையும் கீழ்வழியாகவே செய்யலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். கட்டி பெரிதில்லாவிட்டால் அதுதான் பல பேருக்கு நல்ல வழி.

சென்னைக்குப் போகவேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். யோனிமுனையை மூடிய அந்தத் தையல் பிரிவதென்றால் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்தும் பிரியலாம். அப்போது உங்களைத் தைத்தவர் கடலுக்கு அப்பால் இருப்பார். யோனி வழியாகத் திடீரென்று தண்ணீராகவோ இரத்தமாகவோ போனால், கீழே ஏதோ தள்ளுவதுபோல இருந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஏதாவது வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு போங்கள். நூல்துண்டு விழுந்தால் மட்டும் பயப்படவேண்டாம். சாதாரணமாகப் பாவிக்கும் நூல் 56 முதல் 70 நாட்களில் கரைந்துவிடும், சில முன்கூட்டியே உதிரும்.

கை வேலை, பொத்தான், ஓரம் மடிப்பது, இரண்டு வாரத்தில் தொடங்கலாம். கால் மெஷினுக்கு ஆறு வாரம் பொறுங்கள். கோணேசர் கோயிலுக்கு மெதுவாக நடந்து போகலாம், நிலாவெளிக் கடல்குளிப்பும் அதே ஆறு வாரத்துக்கு வேண்டாம். தாம்பத்திய உறவுக்குக் குறைந்தது எட்டு வாரம், பன்னிரண்டு என்று டொக்டர் சொன்னால் அதையே கேளுங்கள். டிசம்பர் ஓடரை எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் திகதி கேட்டு வாங்குங்கள். துணிக்கட்டை மட்டும் அந்த டிசம்பர் முழுக்க வேறு யாராவது தூக்கட்டும்.