சூப்பர் சிக்ஸ்: ஜெயித்த புள்ளிகள் எங்கே போயின?

தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்றும் சேர்ந்து நடத்தவிருக்கும் 2027 ஒருநாள் உலகக் கோப்பையில் சூப்பர் சிக்ஸ் சுற்று திரும்பி வருகிறது. 14 அணிகள், ஏழு ஏழாக இரண்டு பிரிவு, அப்புறம் சூப்பர் சிக்ஸ் என்று ஐசிசி 2021-லேயே அறிவித்துவிட்டது. அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் 1999 உலகக் கோப்பையைப் பற்றியவை. நம் ரசிகர்கள் எதையும் மறப்பதில்லை.

சூப்பர் சிக்ஸுக்கும் சாதாரண லீக் சுற்றுக்கும் என்ன வேறுபாடு? எளிமையாகச் சொல்லுங்கள்.

இரண்டு பிரிவுகளிலிருந்தும் முதல் மூன்று அணிகள் இரண்டாம் சுற்றுக்கு வரும். வந்த பிறகு, தன் பிரிவிலிருந்தே வந்த மற்ற இரண்டு அணிகளோடு மறுபடி மோத வேண்டியதில்லை. எதிர்ப் பிரிவின் மூன்று அணிகளோடு மட்டும் ஆட்டம். விட்டுப்போன அந்த இரண்டு ஆட்டங்களுக்குப் பதிலாக, முதல் சுற்றில் அதே அணிகளோடு ஆடியபோது கிடைத்த புள்ளிகள் கூடவே வரும். ஆக, சூப்பர் சிக்ஸின் ஐந்து ஆட்டங்களில் இரண்டு, அந்தச் சுற்று தொடங்கும் முன்பே முடிந்துவிட்டன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

1999-ல் இந்தியா சூப்பர் சிக்ஸில் பாகிஸ்தானை வென்றது. அப்படியிருந்தும் கடைசி இடம். எங்கே தவறு நடந்தது?

முதல் சுற்றில், லெஸ்டரில், மே 19 அன்று. தந்தை மறைந்ததால் சச்சின் ஊர் திரும்பியிருந்த நேரம். ஜிம்பாப்வே 252 ரன் எடுத்தது. இந்தியா வெற்றியை எட்டிவிடும் என்றிருந்த கட்டத்தில் ஹென்றி ஒலங்கா ஒரே ஓவரில் மூன்று விக்கெட் வீழ்த்தினார். தோல்வி மூன்று ரன்னில்.

அதன் பிறகு இந்தியா ஆடிய ஆட்டங்களைப் பாருங்கள். கென்யாவுக்கு எதிராக சச்சின் 140. டான்டனில் இலங்கைக்கு எதிராக கங்குலி 183, திராவிட் 145, இருவரும் சேர்ந்து 318. வெற்றி 157 ரன் வித்தியாசத்தில். பிறகு எட்ஜ்பாஸ்டனில் இரண்டு நாள் நீடித்த ஆட்டத்தில் இங்கிலாந்தையும் வீழ்த்தினார்கள். மூன்று வெற்றிகள், ஆறு புள்ளிகள். ஆனால் கென்யா, இலங்கை, இங்கிலாந்து மூன்றுமே முதல் சுற்றோடு வெளியேறிவிட்டன. பிரிவிலிருந்து உடன் வந்தவை தென்னாப்பிரிக்காவும் ஜிம்பாப்வேயும். இரண்டிடமும் இந்தியா தோற்றிருந்தது. டான்டனின் 373 ரன்னுக்கு சூப்பர் சிக்ஸ் கணக்கில் ஒரு புள்ளிகூட மதிப்பில்லை.

பூஜ்யத்தில் தொடங்கிய இந்தியா ஓவலில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. ஜூன் 8 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் வெங்கடேஷ் பிரசாத் 27 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுக்க, பாகிஸ்தானை 47 ரன்னில் வென்றது. கடைசியில் நியூசிலாந்திடம் தோல்வி. அந்தக் கடைசி ஆட்டத்தை ஜெயித்திருந்தால் என்று பலர் கேட்கிறார்கள். ஜெயித்திருந்தாலும் நான்கு புள்ளிதான். மறுநாள் ஆஸ்திரேலியா ஆறுக்குப் போய்விட்டது. ஜிம்பாப்வேயிடம் ஐந்து இருந்தது. இந்தியாவுக்கு ஐந்தாம் இடம்தான் கிடைத்திருக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். லெஸ்டரில் அந்த மூன்று ரன் மாறியிருந்து மற்றவை அப்படியே நடந்திருந்தால், ஜிம்பாப்வேக்குப் பதில் இங்கிலாந்து தகுதி பெற்றிருக்கும். இங்கிலாந்தை இந்தியா வென்றிருந்ததால் இரண்டு புள்ளியோடு உள்ளே போயிருக்கும். போட்டியை நடத்திய இங்கிலாந்தும் சேர்த்து ஒலங்காவிடம் தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே 1999-ல் பாகிஸ்தான் பங்களாதேஷிடம் தோற்றதே, அதற்கு என்ன தண்டனை?

ஒன்றுமில்லை. பங்களாதேஷ் அடுத்த சுற்றுக்கு வரவில்லை. எனவே நார்தாம்டனில் 62 ரன்னில் அடைந்த தோல்வி கணக்கிலிருந்து மறைந்தது. ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் வென்ற நான்கு புள்ளிகள் மட்டும் கூட வந்தன. சூப்பர் சிக்ஸில் மூன்றில் ஒன்றை மட்டும் வென்று, அதுவும் ஜிம்பாப்வேயை வென்று, பாகிஸ்தான் முதலிடம் பிடித்தது. தென்னாப்பிரிக்காவின் கதை இதற்கு நேர் எதிர். முதல் சுற்றில் அது தோற்றது ஒரே ஓர் ஆட்டம், செம்ஸ்ஃபோர்டில் ஜிம்பாப்வேயிடம். ஆனால் ஜிம்பாப்வே கூடவே வந்துவிட்டதால் அந்தத் தோல்வியும் கூட வந்தது.

அந்த இரண்டு புள்ளி எவ்வளவு வலித்தது என்பதை ஆஸ்திரேலியாவுக்கு எதிரான எட்ஜ்பாஸ்டன் அரையிறுதி காட்டியது. இரு அணிகளும் 213 எடுத்து ஆட்டம் சமனில் முடிய, சூப்பர் சிக்ஸ் பட்டியலில் மேலே இருந்த அணி என்ற விதியின்படி ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. இரண்டுக்கும் ஆறு புள்ளிதான். செம்ஸ்ஃபோர்டில் ஜெயித்திருந்தால் தென்னாப்பிரிக்கா எட்டுப் புள்ளியோடு பட்டியலின் உச்சியில் இருந்திருக்கும். அந்த அரையிறுதியின் கடைசி விக்கெட்டான டொனால்டின் ரன் அவுட்டை எல்லோரும் பேசுகிறோம். செம்ஸ்ஃபோர்டை யாரும் பேசுவதில்லை.

வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஆஸ்திரேலியா வேண்டுமென்றே மெதுவாக ஆடியது ஏமாற்று வேலை அல்லவா?

விதியை வகுத்தவர்களைக் கேளுங்கள். மே 30 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் வெஸ்ட் இண்டீஸ் 110 ரன்னில் சுருண்டது. மெக்ராவுக்கு ஐந்து விக்கெட். ஆஸ்திரேலியா அதை எட்ட 40.4 ஓவர் எடுத்துக்கொண்டது. நியூசிலாந்திடம் அவர்கள் ஏற்கெனவே தோற்றிருந்தார்கள். நியூசிலாந்து கூட வந்தால் பூஜ்யம், வெஸ்ட் இண்டீஸ் கூட வந்தால் இரண்டு புள்ளி. எனவே தாங்கள் தோற்கடித்த வெஸ்ட் இண்டீஸின் ரன் ரேட்டையே (புள்ளி சமமானால் இடத்தைத் தீர்மானிக்கும், ஓவருக்கான சராசரி ரன் கணக்கு) காப்பாற்றப் பார்த்தார்கள். கேப்டன் ஸ்டீவ் வா அதை மூடி மறைக்கவும் இல்லை. மறுநாள் நியூசிலாந்து ஸ்காட்லாந்தை 121-க்குச் சுருட்டி 18 ஓவருக்குள் இலக்கை எட்டி, அந்தத் திட்டத்தைக் கலைத்துவிட்டது.

டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் கூட வருபவர் யார் என்பதில் புள்ளி இருக்கும்போது அணிகள் அதைக் கணக்குப் போடத்தான் செய்யும். முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

பேசாமல் எல்லோரையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்லிவிடலாமே?

ஆசியக் கோப்பையின் சூப்பர் ஃபோரில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே ஒரே பிரிவிலிருந்து வந்த இரண்டு அணிகள் மீண்டும் மோதும். 2023-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் பல்லகெலேயில் மழையில் நனைந்த பிறகு கொழும்பில் மறுபடி சந்தித்தது இதனால்தான். ஒளிபரப்பாளர்களுக்கு இதைவிட இனிப்பான ஏற்பாடு இல்லை. நான்கு அணிக்கு அது சரி. ஆறு அணி என்றால் ஆட்டங்கள் ஒன்பதிலிருந்து பதினைந்தாகிவிடும். ஏற்கெனவே நம் உலகக் கோப்பைகள் ஒன்றரை மாதம் நீள்கின்றன. புள்ளியோடு வருவதையே நான் விரும்புவேன். முதல் சுற்றில் வலுவான அணியை வீழ்த்தியவனுக்கு அதன் பலன் கூட வர வேண்டும்.

2003-ல் கென்யா அரையிறுதிக்கு வந்தது வெறும் அதிர்ஷ்டம் என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. பாதுகாப்புக் காரணம் சொல்லி நியூசிலாந்து நைரோபிக்குப் போகவில்லை. ஆடாமலே கென்யாவுக்கு நான்கு புள்ளி கிடைத்தது. நியூசிலாந்து போய் வென்றிருந்தால் கென்யா 12 புள்ளியோடு நின்றிருக்கும். 14 வைத்திருந்த வெஸ்ட் இண்டீஸோ தென்னாப்பிரிக்காவோ உள்ளே வந்திருக்கும். இன்னொரு பிரிவிலும் இதே கதை. இங்கிலாந்து ஹராரேக்குப் போக மறுத்து, ஜிம்பாப்வேக்கு வழிவிட்டது. ஆறு இடங்களில் இரண்டு இடம் மைதானத்துக்கு வெளியே முடிவானது.

அந்த ஆண்டு கணக்கையும் மாற்றியிருந்தார்கள். ஒரு வெற்றிக்கு நான்கு புள்ளி. உடன் வந்த அணியை வென்றிருந்தால் நான்கும் கூட வரும். வெளியேறிய அணியை வென்றிருந்தால் ஒன்று வரும். கென்யா இலங்கையை வென்றிருந்தது, நியூசிலாந்துக் கணக்கும் சேர்ந்தது, கனடாவுக்கும் பங்களாதேஷுக்கும் ஒவ்வொன்று. மொத்தம் பத்து. இந்தியா கொண்டுவந்தது எட்டு! ஆஸ்திரேலியாவுக்கு மட்டும்தான் கென்யாவைவிட அதிகம், பன்னிரண்டு.

இனி நண்பரிடம் சொல்ல வேண்டிய மறுபாதி. கூட வந்த புள்ளிகளை எல்லாம் தள்ளிவிட்டு, சூப்பர் சிக்ஸில் ஆடிய மூன்று ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் மூன்றையும் வென்றன. கென்யா வென்றது ஒன்று, ஜிம்பாப்வேயை. இலங்கை வென்றதும் ஒன்று, அதே ஜிம்பாப்வேயை. நியூசிலாந்தும் அப்படியே. இலங்கைக்கும் நியூசிலாந்துக்கும் ஓர் அங்குலம்கூட கென்யா குறையவில்லை. நைரோபியில் இலங்கைக்கு எதிராக காலின்ஸ் ஒபுயா 24 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்ததும், டர்பனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆசிஃப் கரீம் 8.2 ஓவரில் ஏழே ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்ததும் யாரும் தானமாகக் கொடுத்தவை அல்ல.

ரன் ரேட்டும் அடுத்த சுற்றுக்குக் கூட வருமா?

புள்ளி எந்த ஆட்டத்திலிருந்து வருகிறதோ, அந்த ஆட்டத்தின் ரன் ரேட்டும் வரும். 2023-ல் ஜிம்பாப்வேயில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அப்படித்தான். அதில் வெஸ்ட் இண்டீஸ் ஜிம்பாப்வேயிடம் தோற்றது. நெதர்லாந்துடன் 374 அடித்தும் சமன், சமனை முறிக்க ஆளுக்கு ஓர் ஓவர் ஆடும் சூப்பர் ஓவரில் நெதர்லாந்தின் வான் பீக் 30 ரன் விளாச அதுவும் போனது. உடன் வந்தவை அந்த இரண்டு அணிகள்தான். பூஜ்யப் புள்ளி, எதிர்மறை ரன் ரேட். அடுத்து ஸ்காட்லாந்திடம் தோற்றதும், இரண்டு முறை கோப்பை வென்ற அணி முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வெளியே நின்றது.

ரன் ரேட் பற்றி இன்னொன்று. ஓர் அணி 50 ஓவருக்கு முன்பே ஆட்டமிழந்தாலும் கணக்கில் முழு 50 ஓவர் ஆடியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இதைத் தெரியாமல் ஃபோனில் கணக்குப் போட்டுச் சண்டைக்கு வருபவர்கள் ஏராளம்.

ரசிகர்களை விடுங்கள், அணிகளுக்கே இந்தக் கணக்கு புரிகிறதா?

சில நேரம் இல்லை. 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் இலங்கைக்கு எதிராக ஆப்கானிஸ்தான் சூப்பர் ஃபோருக்குப் போக 292 ரன்னை 37.1 ஓவரில் எட்ட வேண்டும். 37 ஓவர் முடிவில் 289. அடுத்த பந்தில் முஜீப் அவுட். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 37.4 ஓவருக்குள் ஒரு சிக்ஸர் அடித்து 295 எட்டினாலும் தகுதி உண்டு. அது யாருக்கும் தெரிவிக்கப்படவில்லை என்று பயிற்சியாளர் ட்ராட் பிறகு சொன்னார். ரஷீத் கான் மறுமுனையில் நிற்க, ஃபாரூக்கி பந்துகளைத் தடுத்து ஆடி எல்பிடபிள்யூ ஆனார். இரண்டு ரன்னில் தோல்வி.

2003 உலகக் கோப்பையில் டர்பனில் இலங்கைக்கு எதிராக தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் செய்ததும் இதுதான். 229 எடுத்தால் வெற்றி என்று நினைத்து, முரளியின் பந்தில் சிக்ஸர் அடித்துவிட்டு, ஓவரின் கடைசிப் பந்தைத் தடுத்தார். மழையால் ஆட்டம் நின்றால் முடிவைத் தீர்மானிக்கும் டக்வொர்த்-லூயிஸ் கணக்கில் 229 என்பது சமன். மழை வந்தது. போட்டியை நடத்திய நாடு முதல் சுற்றோடு வெளியே. பொல்லாக்கின் கேப்டன் பதவியும் போனது.

2007 உலகக் கோப்பையில் எட்டு அணிகள் ஆடிய இரண்டாம் சுற்றான சூப்பர் எயிட்டை ஏன் கைவிட்டார்கள்?

இந்தியாவும் பாகிஸ்தானும் மூன்றே ஆட்டத்தில் வீட்டுக்குப் போனதால். நான்கு நான்கு அணிகளாக நான்கு பிரிவு. ஒரு தோல்வி போதும், தலைக்கு மேல் கத்தி. மார்ச் 17 அன்று ஒரே நாளில் பங்களாதேஷ் இந்தியாவையும் அயர்லாந்து பாகிஸ்தானையும் வீழ்த்தின. இடங்களை முன்கூட்டியே தரவரிசைப்படி ஒதுக்கிவிட்டதால், பார்படோஸில் ஏப்ரல் 15 அன்று இந்தியா-பாகிஸ்தான் என்று எதிர்பார்த்திருந்த ஆட்டம் பங்களாதேஷ்-அயர்லாந்து ஆட்டமானது. அயர்லாந்து 74 ரன்னில் வென்றது. நல்ல ஆட்டம்தான், ஆனால் விளம்பரதாரர்கள் காசு கொடுத்தது அதற்கல்ல. 2011-ல் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது ஆறு ஆட்டம் என்று மாற்றி, நேரே காலிறுதி வைத்தார்கள். காரணம் கிரிக்கெட் இல்லை, வரவு செலவு.

அதே போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை தன் முக்கியப் பந்துவீச்சாளர்களான வாஸையும் முரளியையும் உட்கார வைத்தது சரியா?

அரையிறுதி ஏறக்குறைய உறுதியான நிலையில் துருப்புச் சீட்டை ஏன் காட்ட வேண்டும்? சரிதான். கிரெனடாவில் தோற்றதால் இலங்கைக்கு நஷ்டம் இல்லை. இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 149 அடித்ததற்கு அதைக் காரணமாக்குவது நியாயமும் இல்லை.

பெண்கள் உலகக் கோப்பையில் சூப்பர் சிக்ஸ் உண்டா?

2013-ல் இந்தியாவில் நடந்தபோது இருந்தது. அரையிறுதி கிடையாது, முதல் இரண்டு அணிகள் நேரே இறுதிக்கு. வெஸ்ட் இண்டீஸ் சூப்பர் சிக்ஸில் ஆஸ்திரேலியாவை எட்டு ரன்னில் வென்று இறுதிக்கு வந்தது. அங்கே அதே ஆஸ்திரேலியாவிடம் 114 ரன்னில் தோற்றது. இந்தியா இலங்கையிடம் தோற்று முதல் சுற்றிலேயே விடைபெற்றுவிட்டது.

1999 அரையிறுதி போல இன்று சமனில் முடிந்தால்?

சூப்பர் ஓவர். அதுவும் சமன் என்றால் இன்னொரு சூப்பர் ஓவர், முடிவு வரும்வரை. மாற்று நாளும் மழையில் போனால் மட்டும் பட்டியலில் மேலே இருந்த அணி இறுதிக்குப் போகும். 2023 உலகக் கோப்பையில் விதி அப்படித்தான் இருந்தது.