ஆகஸ்டில் பிரான்ஸ் கிராமப்புறத்தில் குடும்பத்தோடு கேம்பிங்: இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லண்டனில் இருந்து காரில் வருகிறீர்கள், ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், கூடாரத்தில் தங்குவது இதுவே முதல் முறை. ஆகஸ்டில் ஒரு வாரம் பிரான்ஸ் கிராமப்புறத்தில் இருக்க வேண்டும், கேம்பிங் இடங்களின் நட்சத்திரத் தரத்தை நம்பித் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேம்பிங் போவது எங்கள் வீட்டு வழக்கம். என் அனுபவத்தில் நட்சத்திரத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து நிழல், அப்புறம் கேம்பிங்கின், அதாவது கூடாரம் போடும் வளாகத்தின், அளவு. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் ஆகஸ்டிலும் நிம்மதியாக இருக்கலாம்.

பிரான்சில் கேம்பிங்குகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் உண்டு. விண்ணப்பித்து வாங்கினால் ஐந்து ஆண்டு செல்லும். அது பெரும்பாலும் வசதிகளை வைத்துத் தரப்படுவது. நீச்சல் குளம், வரவேற்பறை, வைஃபை எல்லாம் அதில் கணக்கு. ஆற்றங்கரையில் பெரிய மரங்களுக்கு அடியில் அமைதியாக இருப்பதற்காக நட்சத்திரம் கூடுதலாகக் கிடைக்காது. அதனால் உச்ச சீசனில் ஐந்து நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் சறுக்குக் குளங்கள், வரிசை வரிசையாக மொபைல் ஹோம்கள் (வாடகைக்கு விடும் பெட்டி வீடுகள்), இரவு பதினொரு மணி வரை மேடையில் பாட்டு. அது பிடித்தவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் நீங்கள் கேட்டது கிராமத்தை.

அந்தந்த ஊராட்சியே நடத்தும் 'கேம்பிங் முனிசிபால்' என்று ஒரு வகை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விலை குறைவு, இடம் சிறியது, ஆற்றையோ ஏரியையோ ஒட்டியே பெரும்பாலும் இருக்கும், பேக்கரிக்கு நடந்து போகலாம். பண்ணைகளில் சில கூடாரங்களுக்கு மட்டும் இடம் தருவதும் உண்டு. பிள்ளைகளுக்கு ஆடு, கோழி பார்க்கக் கிடைக்கும். இவையெல்லாம் பெரிய முன்பதிவுத் தளங்களில் கண்ணில் படாது. போக நினைக்கும் ஊரின் பெயரோடு 'கேம்பிங் முனிசிபால்' என்று சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் 'மெரி' எனப்படும் ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபோன் போடுங்கள்.

சரி, தண்ணீர். கேம்பிங்கின் குளத்தை நம்பிப் போகும் நம் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிய வேண்டும். பிரான்சில் பொதுக் குளங்களிலும் பெரும்பாலான கேம்பிங் குளங்களிலும் ஆண்கள் தொளதொள அரைக்கால் சட்டையோடு இறங்க முடியாது. உடலை ஒட்டிய நீச்சல் உடைதான் வேண்டும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு பெண்கள் இறங்குவதையும் பல இடங்களில் தடுப்பார்கள். சுகாதாரம் காரணம் என்பார்கள், வாதாடிப் பயனில்லை. ஏரியிலும் ஆற்றிலும் பெரும்பாலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. வீட்டில் அம்மா, அத்தை எல்லோரும் தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால் இயற்கை நீர்நிலைதான் வசதி.

இன்னொன்று இதைவிட முக்கியம். தங்குபவர்களுக்கு மட்டுமான கேம்பிங் குளத்தில் உயிர்காப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. வேலி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். மாறாக, பல ஏரிக்கரைகளில் ஜூலை, ஆகஸ்டில் குறிப்பிட்ட மணி நேரம் கண்காணிப்பு உண்டு. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே இருப்பதுதான் கண்காணிக்கப்படும் பகுதி. பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. கேம்பிங் தேடும்போதே 'கண்காணிப்புள்ள குளிக்கும் இடம் எவ்வளவு தூரம்' என்று கேளுங்கள். ஆகஸ்டில் சில ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி பெருகிக் குளிப்பதற்குத் தடை வரும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை விசாரிக்க வேண்டும்.

ஆறு என்றால் எந்த ஆறு என்பது முக்கியம். லுவார் ஆறு பார்க்கச் சாந்தமாக இருக்கும். ஆனால் மணல் திட்டுகளும் சுழலும் உள்ள ஆபத்தான ஆறு, பெரும்பாலான இடங்களில் குளிக்கத் தடை. சார்லா ஊருக்குத் தெற்கே தோர்தோன் ஆற்றில் கூழாங்கல் கரைகள் உண்டு, பல இடங்களில் ஆழமும் குறைவு, பிள்ளைகளோடு படகு விடலாம். ஆனால் அந்த ஆற்றின் மேல்பகுதியில் மின் அணைகள் இருக்கின்றன. நீர் திடீரென்று உயரலாம் என்று எச்சரிக்கும் பலகை இருந்தால், வெயில் எவ்வளவு அடித்தாலும் ஆற்று நடுவில் கல் மேல் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். ஆர்தெஷ் ஆறு அழகுதான். ஆனால் வல்லோன்-போன்-தார்க் பக்கம் ஆகஸ்டில் தண்ணீரை விடப் படகுதான் அதிகம் தெரியும். அதே பகுதியில் ஷாஸ்ஸெஸாக் போன்ற துணையாறுகளின் கரையில் கூட்டம் குறைவு.

ஆற்றங்கரை என்றால் வெள்ளத்தையும் யோசிக்க வேண்டும். 1987 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் பகுதியில் லெ கிரான்-போர்னான் என்ற ஊரில் மழை வெள்ளம் ஒரு கேம்பிங்கை அடித்துப் போனதில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு ஆபத்துப் பகுதியில் உள்ள கேம்பிங்குகளுக்கு எச்சரிக்கை, வெளியேற்ற ஏற்பாடுகள் கட்டாயமாயின. உள்ளே நுழைந்ததும் எங்கே ஓட வேண்டும் என்பதற்கான வரைபடத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். தெற்கிலும் தென்மேற்கிலும் காட்டுத்தீ அதே அளவு உண்மையானது. 2022 ஜூலையில் தென்மேற்குக் கடற்கரையில் பிலா மணல்மேட்டுக்குக் கீழே இருந்த ஐந்து கேம்பிங்குகள் தீக்கு இரையாயின. எல்லோரையும் முன்பே வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின. தெற்குப் பகுதியில் கரி அடுப்புக்குப் பெரும்பாலும் தடை இருப்பது இதனால்தான். பிரான்ஸ் வானிலைத் துறையான மெத்தேயோ-ஃபிரான்ஸ் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் கூடாரத்தைச் சுருட்டவும் தயங்காதீர்கள்.

நிழலைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கூடாரத்தில் தங்குகிறவர்களுக்கு வாழ்வே அதுதான். கோடையில் பிரான்சில் உச்சி வெயில் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு வராது, ஏறக்குறைய இரண்டு மணிக்குத்தான் வரும். அதனால் மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான் வெக்கை அதிகம். ஆகஸ்ட் தொடக்கத்தில் இருட்ட ஒன்பதரையைத் தாண்டிவிடும். உங்கள் இடத்துக்கு மேற்கே பெரிய மரம் இருக்க வேண்டும். கேம்பிங்கின் வலைத்தளத்தில் 'நிழல் உண்டு' என்றுதான் போட்டிருக்கும். செயற்கைக்கோள் படத்தில் போய்ப் பாருங்கள். பச்சைக் குடைகள் தெரிந்தால் நிழல். சதுரம் சதுரமாகப் புல்லும் நடுவில் மெல்லிய வேலிச்செடியும் மட்டும் தெரிந்தால் மதியத்தில் அந்தக் கூடாரம் இட்லிப் பானைதான். கழிவறைக்குப் பக்கத்தில் வேண்டாம், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை இரவில் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். பாருக்கும் மேடைக்கும் எதிர்ப்பக்கம் கேளுங்கள். இடத்தின் எண்ணைச் சொல்லிப் பதிவு செய்ய விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு விடுவார்கள்.

எந்தப் பகுதி? ஆகஸ்டில் கடற்கரையை விட்டுவிட்டு நாட்டின் உட்பகுதிக்கு வாருங்கள். மொர்வான் மலைக்காட்டில் செத்தோன் ஏரி இருக்கிறது. பாரிசுக்கு விறகுக் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்புவதற்காக 1858-ல் கட்டி முடித்த அணை அது. லிமூசானில் வாஸிவியேர் ஏரி, சுமார் 1000 ஹெக்டேர், மணல் கரைகளோடு. அவெய்ரோனில் பரெலூ ஏரி கடல் மட்டத்தில் இருந்து 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும். ஆகஸ்ட் என்று நினைத்து மெல்லிய போர்வையோடு வந்துவிடாதீர்கள். குகை ஓவியம் பார்க்கும் ஆசை இருந்தால் வெஸேர் பள்ளத்தாக்கு. அங்கே உள்ள லாஸ்கோவின் அசல் குகை 1963-லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது, 2016-ல் திறந்த முழு நகலைத்தான் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்கு அதுவே போதும், ஆனால் ஆகஸ்டில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். தோர்தோன், லோத் பக்கம் கோடையில் மாலைச் சந்தைகள் நடக்கும். ஊர் நடுவில் நீள மேசை போட்டு, கடைகளில் வாங்கியதை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த வாரத்துச் சந்தை எந்த ஊரில் என்று வரவேற்பறையில் கேட்டால் சொல்வார்கள்.

சோறு விஷயத்துக்கு வருகிறேன். கேம்பிங் மின் இணைப்பு 6 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர் என்று விற்பார்கள். 6 ஆம்பியரில் கிடைப்பது 1380 வாட் மட்டும். சின்ன ரைஸ் குக்கர் தாராளமாக ஓடும். லண்டன் வீட்டுக் கெட்டில் 3000 வாட் என்றால் 10 ஆம்பியரிலும் இணைப்பு விழுந்துவிடும், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நீல நிற வட்ட மூன்று முனைச் செருகியோடு 25 மீட்டர் கம்பி வேண்டும். பழைய முனிசிபால் இடங்களில் சாதாரண பிரெஞ்சுச் செருகி இருக்கலாம், ஒரு மாற்றியும் கையில் இருக்கட்டும். குழம்புக்கு கேஸ் அடுப்பு. எல்லையில் ஒரு எச்சரிக்கை: பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனில் இருந்து இறைச்சியும் பாலில் செய்ததும் கொண்டுவரக் கூடாது, தயிர், பனீர், நெய் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் கொண்டு வாருங்கள். பாரிஸ் வழியாக வந்தால் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் மற்றதை வாங்கிக்கொள்ளலாம். கிராமத்துக் கடைகளில் தேங்காய்ப்பால் டின் பெரும்பாலும் கிடைக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு பல கடைகள் மூடிவிடும், அதற்கு முன் வாங்கிவிடுங்கள். கழிவறையில் காகிதம் பல இடங்களில் வைக்க மாட்டார்கள். அதையும் பட்டியலில் சேருங்கள்.

பிரான்சில் வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: காஃப் எனப்படும் குடும்ப நல அலுவலகத்தின் உதவித்தொகை பெறுபவர்கள் அதன் 'வகாஃப்' விடுமுறை உதவி கிடைக்குமா என்று பாருங்கள். வருமானத்தைப் பொறுத்து, அதில் சேர்ந்த கேம்பிங்குகளின் வாடகையில் ஒரு பகுதி குறையும்.

நாள் தேர்வில்தான் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 15 வரைதான் உண்மையான நெரிசல். இங்கே பள்ளி செப்டம்பர் தொடக்கத்தில் திறப்பதால், ஆகஸ்ட் 20-க்கு மேல் குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கும், விலையும் இறங்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அப்போதும் விடுமுறைதான். அந்த வாரத்தை எடுங்கள். ஏரிக் கண்காணிப்பு எந்தத் தேதி வரை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், கலே துறைமுகத்தில் இறங்கி அன்றே செத்தோன் ஏரிக்குப் போய் வாரம் முழுவதும் அங்கேயே இருப்பேன். முதல் முறை கூடாரம் போடுகிறவர்கள் நடுவில் ஊர் மாற வேண்டியதில்லை. மொபைல் ஹோம்தான் சீசனில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று கட்டாயப்படுத்துவார்கள். கூடாரத்துக்கு எந்த நாளும் வரலாம். அதனால் சனிக்கிழமை சாலையில் ஏறாதீர்கள். பிஸோன் ஃபூத்தே என்ற அரசுத் தளம் நாள்வாரியாக நெரிசலைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று காட்டும். பச்சை நாளில் கிளம்புங்கள். பல சிறிய கேம்பிங்குகளில் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு, மூன்று மணி வரை வரவேற்பறை மூடியிருக்கும். காலையில் போய்ச் சேர முடியாது என்றால் நேராக மாலை நான்கு மணிக்குப் போங்கள், கூடாரம் போட வெளிச்சம் நிறைய இருக்கும்.