'அன்டில்' 15ஆம் திகதி என்றால் என்றைக்கு வேலைக்கு வருவது?

தம்பி, ஹட்டன் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு நீங்கள் ஆங்கிலத்தில் கொடுத்த லீவுக் கடிதத்தில் "அன்டில் ஃபிஃப்டீன்த்" (until 15th, 15 வரை) என்று இருப்பதுதான் சிக்கல். 15உம் லீவு என்று நீங்கள் நினைத்தீர்கள். துரை, அதாவது தோட்ட மேலாளர், அன்று காலையே உங்களைப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) எதிர்பார்த்தார். இரண்டு பேரிலும் பிழையில்லை. கடைசி நாள் சேருமா, சேராதா என்பதை அந்தச் சொல் திட்டமாகச் சொல்லாது. திகதிக்குப் பின்னால் "இன்க்ளூசிவ்" (inclusive, அந்த நாளும் சேர்த்து) என்று சேருங்கள். இல்லையென்றால், இதுதான் எனக்குப் பிடித்தது, "ஐ வில் ரிப்போர்ட் ஃபார் வேர்க் ஆன் த சிக்ஸ்டீன்த்" என்று திரும்பி வரும் நாளையே எழுதிவிடுங்கள்.

அதே கடிதத்தில் இன்னொன்று: "5 மணிக்குள் கொழுந்தை எடை போட்டு முடிக்க வேண்டும்" என்பதற்கு 'அன்டில்' வராது, 'பை' (by) வரும். 'வரை' என்றால் 'அன்டில்', 'க்குள்' என்றால் 'பை'. மாற்றிப் போட்டால் 5 மணிவரை முடித்துக்கொண்டே இருங்கள் என்பதுபோல் ஆகிவிடும்! எழுத்துக்கூட்டலில், 'அன்டில்' முடிவில் ஒரு 'எல்', அதே பொருள் தரும் 'டில்' (till) முடிவில் இரண்டு.