வடகொரியா மேல் இத்தனை தடை போட்டும் அணுகுண்டை ஏன் கைவிடவில்லை? – குவைத்தில் அவர்களோடு வேலை பார்த்தவனின் பதில்

கேள்வி: "2006லிருந்து ஐ.நா. தடைக்கு மேல் தடை போடுகிறது. வடகொரியா அணு ஆயுதத்தைக் கைவிடவே இல்லை. அப்படியென்றால் இந்தத் தடைகளால் என்ன பயன்?"

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று தோன்றுகிறது. அதனால் வருடங்களையும் சேர்த்தே சொல்கிறேன். நான் பேராசிரியர் இல்லை, டிப்ளமா படித்த சிவில்காரன். ஆனால் 2014 முதல் 2017 வரை குவைத்தில் ஒரு கட்டுமான சைட்டில் சூப்பர்வைசராக இருந்தபோது வடகொரியத் தொழிலாளர்களோடு தினமும் வேலை பார்த்தேன். தடை என்றால் என்ன என்று நேரில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உண்மையில் வலிக்கிற தடைகள், குண்டு தயாராகி முடிந்த பிறகுதான் வந்தன. முதல் அணு சோதனை 2006 அக்டோபர் 9. ஐந்தே நாளில் பாதுகாப்பு கவுன்சில் 1718ஆம் தீர்மானத்தைப் போட்டது. அதில் பெரும்பாலும் ஆயுதம், ஏவுகணைப் பொருட்கள், ஆடம்பரப் பொருட்கள்தான். நாட்டுக்குச் சோறு போட்ட நிலக்கரி, இரும்பு, மீன், துணி ஏற்றுமதியை முழுசாக நிறுத்தியது 2017ல். அதற்குள் புங்யே-ரி மலைக்கடியில் ஆறு சோதனைகள் முடிந்துவிட்டன, அமெரிக்கா வரை போகக்கூடிய ஏவுகணையையும் சோதித்துவிட்டார்கள். நடுவில் 11 வருடம். இதற்குச் சீனா முக்கியமான காரணம். வடகொரியாவின் வெளி வர்த்தகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சீனாவோடுதான். அந்த ஆட்சி சரிந்து, எல்லையில் அகதிகளும் அமெரிக்கப் படையும் வந்து நிற்பதைவிட அணுகுண்டு வைத்திருக்கும் பக்கத்து நாடே மேல் என்பது பெய்ஜிங்கின் கணக்கு.

அழுத்தம் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2005ல் சீனாவின் மக்காவ் நகரத்தில் உள்ள பாங்கோ டெல்டா ஏசியா வங்கியின் மேல் அமெரிக்கக் கருவூலத்துறை கை வைத்தது. முடங்கியது வடகொரியாவின் சுமார் இரண்டரைக் கோடி டாலர்தான். ஆனால் அதைப் பார்த்து மற்ற வங்கிகளும் பின்வாங்கியதால் பியோங்யாங், அதாவது வடகொரிய அரசு, ஆடிப்போனது. பேச்சுவார்த்தையில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தப் பணத்தைத்தான். 2007ல் பணம் திரும்பியது, யோங்பியோன் அணு உலை மூடப்பட்டது. 2008 ஜூனில் அதன் குளிரூட்டும் கோபுரத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மேலே இருப்பவர்களின் மடியில் கை வைத்தால் அவர்கள் பேச வருகிறார்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் மற்ற தடைகள் யார் மடியில் கை வைத்தன என்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் சைட்டில் டைல்ஸ், பூச்சு வேலை எல்லாம் கொரியன் டீம். சட்டையில் தலைவர் படம் போட்ட பேட்ஜ் குத்திய ஒரு மேனேஜர் எப்போதும் கூடவே இருப்பார். பாஸ்போர்ட் அவரிடம், போன் அவரிடம். கேம்ப் தனி, பஸ் தனி. கடைக்குப் போனாலும் இரண்டு மூன்று பேராகத்தான் போவார்கள். எங்களோடு பேசுவது அரபியும் இந்தியும் கலந்த சைட் பாஷையில்: "சதீக்" (நண்பா), "ஷுவை ஷுவை" (மெதுவாக), "தமாம்" (சரி). ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். டைல் ஒட்டிய பிறகு கரண்டியின் கைப்பிடியால் நாலு மூலையிலும் தட்டி, காதைக் கீழே வைத்துக் கேட்பார். உள்ளே வெற்றிடம் இருந்து "டொக்" என்று சத்தம் வந்தால், நான் சொல்வதற்கு முன்னால் அவரே பெயர்த்து எடுத்துவிடுவார். அவர் போட்ட தரையில் ஒரு டைலைக்கூட நான் ரிஜெக்ட் செய்ததில்லை.

ஜூன் மாதத்திலிருந்து பகல் 11 மணி முதல் 4 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது குவைத் சட்டம். நாங்கள் படுத்துவிடுவோம். இவர்கள் கட்டிடத்துக்குள்ளே ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு, அவர்களுக்கு வெளியே யாராவது வில்லாவில் வேலை. டைம் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான் என்பதால் மணிக்கணக்கு எனக்குத் தெரியும். பணம் ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாக அவர்களுடைய ஆபீசுக்குப் போய்விடும். ஒருநாள் அந்தப் பெரியவருக்குப் பல் வலி, கன்னம் வீங்கியிருந்தது. ஒரு பனடால் வாங்க அவர் கையில் அரை தினார் இல்லை. எங்கள் மேசன் ஒருத்தர், ராமநாதபுரத்துக்காரர், தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வெளிநாடுகளில் இப்படி 50,000க்கும் மேற்பட்டோர் வேலை பார்ப்பதாகவும், இவர்களால் அரசுக்கு வருடத்துக்கு 120 கோடி முதல் 230 கோடி டாலர் வரை கிடைப்பதாகவும் 2015ல் ஐ.நா.வின் மனித உரிமை அறிக்கையாளர் சொன்னார். தொழிலாளியின் கைக்கு வருவது மாதம் 120, 150 டாலர். மீதிப் பணம் பியோங்யாங்குக்கு. அதில் ஏவுகணைக்கு எவ்வளவு போனது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

2017 செப்டம்பரில் குவைத் வடகொரியத் தூதரை ஒரு மாதத்தில் வெளியேறச் சொன்னது. கொரியர்களுக்கு அகாமா (குடியிருப்பு அனுமதி) புதுப்பிப்பது நின்றது. டிசம்பரில் வந்த 2397ஆம் தீர்மானம், எல்லா நாடுகளும் 24 மாதத்தில் இவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. எங்கள் சைட்டிலிருந்து அவர்கள் பேட்ச் பேட்ச்சாகப் போனார்கள். போவதா இருப்பதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வரும்போதும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அடிமைக் கூலி ஒழிந்ததே, நல்லதுதானே?" என்று கமெண்டில் வருவீர்கள் என்று தெரியும். அந்தப் பணம் நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நான் வடகொரியாவை ஆளும் கிம் குடும்பத்தின் ஆதரவாளன் இல்லை. தொண்ணூறுகளின் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தபோதும் ராணுவத்துக்கு முதலிடம் கொடுத்த குடும்பம் அது. சம்பளத்தைத் தொழிலாளியின் கையில் கொடு, பாஸ்போர்ட்டை அவனிடமே விடு என்று கட்டாயப்படுத்த ஒருவரும் முன்வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பாஸ்போர்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. வேலைக்காரனின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது குவைத்தில் சட்டப்படி தப்பு. என் பாஸ்போர்ட்டும் கம்பெனி லாக்கரில்தான் இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, கிராஜுவிட்டி பாக்கியை அக்கவுண்டில் போடுகிறோம் என்று சொல்லி, எல்லாம் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார்கள். இன்றுவரை வரவில்லை. என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஊரில் "வெளிநாட்டில் சம்பாதித்தவன்" என்கிறார்கள். பாக்கி வாங்காமல் திரும்பியவர்களின் கணக்கை எடுக்க ஆளில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். அவர்கள் ஏன் கைவிட மாட்டார்கள் என்பதற்கு லிபியா ஒரு காரணம். 2003 டிசம்பரில் கடாஃபி அணுத் திட்டத்தை விட்டார், தடைகள் நீங்கின. 2011ல் நேட்டோ விமானங்கள் வந்தன, அந்த அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். பியோங்யாங் இதை வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது. தென்னாப்பிரிக்கா செய்து முடித்த ஆறு குண்டுகளைத் தானே கலைத்தது உண்மை. ஆனால் அங்கே வெள்ளையர் ஆட்சியே முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. கிம் குடும்பத்துக்கு அப்படி விலகும் எண்ணம் கிடையாது.

அப்புறம் ஓட்டைகள். தடையைக் கண்காணித்து வந்த ஐ.நா. நிபுணர் குழுவை 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டு முடித்துவைத்தது. உக்ரைன் போருக்கு ரஷ்யாவுக்கு வடகொரியப் பீரங்கிக் குண்டுகள் தேவைப்பட்டன. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர் களவு போனது. செய்தது வடகொரியா என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது. 50,000 பேர் ஒரு வருடம் முழுக்க உழைத்துக் கொட்டிய அளவு பணம் ஒரே திருட்டில் கிடைத்துவிட்டது. இனி டைல்ஸ்காரரைத் திருப்பி அனுப்பி அந்த அரசைப் பட்டினி போட முடியாது.

தடையால் முழுசாகக் கைவிட வைக்கும் காலம் போய்விட்டது என்பது என் கருத்து. குண்டுகளின் எண்ணிக்கை ஏறாமல் நிறுத்த முடியுமா என்று பேரம் பேசியிருக்கலாம். 2019 பிப்ரவரியில் வியட்நாமின் ஹனோயில் ட்ரம்பும் கிம்மும் சந்தித்தபோது அந்த வாய்ப்பு வந்தது. 2016, 2017ன் முக்கியமான ஐந்து தடைகளை எடுத்தால் யோங்பியோனைக் கலைக்கிறோம் என்றார்கள் வடகொரியர்கள். மறைவான மற்ற இடங்களை விட்டுவிட்டு அதை மட்டும் தருகிறார்கள் என்று ட்ரம்ப் எழுந்து போனார். அது குறையுள்ள பேரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் அந்த மேசையில் இருந்திருந்தால் ஐந்து தடைக்குப் பதில் இரண்டு என்று இழுத்திருப்பேன், யோங்பியோனுக்குள் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களை அனுப்பியிருப்பேன். 2009ல் வெளியேற்றப்பட்ட அவர்களால் இன்றுவரை உள்ளே போக முடியவில்லை.