கரையடியில் ஈரம் இருக்கட்டும், முதலில் கலிங்கு வலையைக் கழற்றுங்கள்

கேள்வி: சேர்வராயன் மலையில் எங்கள் எஸ்டேட் குடியிருப்புக்குச் சொந்தமாக ஒரு சிறிய ஏரி இருக்கிறது. மண்கரை 6 மீட்டர் உயரம், 80 மீட்டர் நீளம். கட்டி 70 வருடத்துக்கு மேல் ஆகிறது. நீர்ப்பரப்பு 5 ஏக்கர், நீர்வரத்துப் பரப்பு சுமார் 250 ஏக்கர். படகு விடவும் தூண்டில் போடவும் மட்டும்தான் பயன்படுகிறது. கலிங்கு (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வாய்) 6 மீட்டர் அகலம். மீன் வெளியேறாமல் இருக்க அதில் கம்பிவலை கட்டியிருக்கிறோம். கரையின் தலைமட்டம் கலிங்கைவிட 1 மீட்டர் உயரம். கரைமேல் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. மதகு வால்வைப் பல வருடமாகத் திருப்பவில்லை. இந்த மழையில் வெளிச்சரிவின் அடியில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு ஈரம் கண்டிருக்கிறது. சிமெண்ட் பூசி அடைத்துவிடலாமா?

பதில்: பூசாதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம். அதற்கு முன் இன்றே செய்ய வேண்டியது, கலிங்கில் கட்டிய வலையைக் கழற்றுவது. நீங்கள் எழுதியதில் மிகப் பெரிய ஆபத்து அந்த வலைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 ஏக்கர் என்பது சுமார் 100 ஹெக்டேர். மணிக்கு 50 மி.மீ. மழை கொட்டி, ஏற்கெனவே நனைந்த மண்ணில் பாதி வழிந்தோடினால் விநாடிக்கு ஏறத்தாழ 7 கனமீட்டர் ஏரிக்குள் வரும் (ஹெக்டேர் × மி.மீ. × வழிந்தோடும் பங்கு ÷ 360). 6 மீட்டர் கலிங்கு இதை வெளியேற்ற, அதன்மேல் சுமார் 77 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓட வேண்டும். கரைக்கு மிஞ்சுவது 23 செ.மீ. இலையும் சுள்ளியும் சேர்ந்து வலை பாதி அடைத்துக்கொண்டால் அதே தண்ணீருக்கு 1.2 மீட்டருக்கு மேல் தேவைப்படும். உங்களிடம் இருப்பது 1 மீட்டர்தான், ஆகவே கரை வழியும். ஏரி கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் முன்பே நிரம்பிய 5 ஏக்கர் ஏரி அதிகம் வாங்காது. மண்கரைமேல் தண்ணீர் வழிந்தால் வெளிச்சரிவு அடியிலிருந்து அரிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் கரையே அறுந்துவிடும்.

இது நடந்த கதை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை ஒரு மீன்பிடி கிளப்பின் கைக்கு வந்தபோது, வண்டி போவதற்காகக் கரைத்தலையைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் தடுப்பு வைத்தார்கள். நீரைக் கீழே இறக்க இருந்த ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களும் அதற்கு முன்பே கழற்றி விற்கப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று கரை வழிந்து உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். அது உங்கள் கரையைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் உயரம். ஆனாலும் செய்த தவறுகள் ஏறக்குறைய ஒன்றே.

மீனைக் காக்க வேண்டுமானால் கலிங்கிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளே, மிதவைக் கயிற்றில் வலையைத் தொங்கவிடுங்கள். சுமை கூடினால் அறுந்து விலகும்படி முடிச்சு மெலிதாக இருக்கட்டும். அப்படியே ஒரு டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் நில அளவைக் கருவி) வாடகைக்கு எடுத்து, கரைத்தலையை 5 மீட்டருக்கு ஒரு புள்ளியாக அளந்துவிடுங்கள். பழைய கரைகள் நடுவில் இறங்கியிருக்கும். ஆள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப்பாதை 20 செ.மீ. பள்ளமானாலே, மேலே சொன்ன 23 செ.மீ. காணாமல் போகும்.

இனி ஈரம். எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும். கேள்வி, தண்ணீர் மண்ணைக் கொண்டுவருகிறதா என்பதுதான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கசிவைப் பிடித்து ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். ஈரத்தின் நடுவே சின்ன எரிமலை போல மணல் குவிந்து, நடுவில் தண்ணீர் குமிழியிட்டாலும் அதேதான். வெளிப்புறத்தில் சிமெண்ட் பூசினால் வழி அடைபட்ட தண்ணீர் கரைக்குள் அழுத்தத்தை ஏற்றும். பிறகு வேறோரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும், அல்லது சரிவே நழுவும்.

தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். ஈரத்தின்மேலும் அதைச் சுற்றி 1 மீட்டர் தூரத்துக்கும், முதலில் கழுவிய பெருமணல் 15 செ.மீ., அதன்மேல் 6 முதல் 10 மி.மீ. ஜல்லி 15 செ.மீ., அதன்மேல் 20 முதல் 40 மி.மீ. ஜல்லி 20 செ.மீ. விரியுங்கள். எம்-சாண்ட் என்றால் கழுவியதுதான் வேண்டும். அதிலுள்ள பாறைத்தூள் வடிகட்டியையே அடைத்துவிடும். எக்காரணம் கொண்டும் கரையடியைத் தோண்டாதீர்கள்.

வடிந்து வரும் தண்ணீரை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, 90 பாகை வி-வெட்டு போட்ட தகட்டை அதன் குறுக்கே நிறுத்தினால் அளவு தெரிந்துவிடும். வெட்டின் முனைக்கு மேல் 5 செ.மீ. நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. என்றால் நாலே கால் லிட்டர். தகட்டுக்குச் சற்று மேலே தண்ணீர் அமைதியாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். தேதி, ஏரி மட்டம், மழை அளவு மூன்றையும் கூடவே குறியுங்கள். ஏரி ஏறும்போது கசிவும் ஏறுவது இயல்பு. மழை இல்லாமல், ஏரி மட்டமும் மாறாமல் கசிவு மட்டும் கூடினால் உடனே நீரைக் குறைக்க வேண்டும்.

குறைப்பது எப்படி? மதகைத் திருப்பத் துணியாதீர்கள். பல வருடம் இறுகிய வால்வு பாதியில் முறிந்தால் மூட முடியாது. குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அழுத்தத்தோடு போகும் தண்ணீர் கரைக்குள்ளேயே பீய்ச்சும். வால்வு வெளிப்புறத்தில் இருந்தால் குழாய் முழுதும் எப்போதும் அழுத்தத்தில் நிற்கிறது, அதனால் இன்னும் கவனம் வேண்டும். கொலராடோவில் 1903-இல் கட்டிய லான் லேக் அணை சுமார் 8 மீட்டர் உயரம்தான். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் இடைவெளியை அடைத்திருந்த ஈயம் கெட்டுத் தண்ணீர் கசிந்து, கரை உள்ளிருந்து அரித்து 1982 ஜூலை 15 அன்று உடைந்தது. மூன்று பேர் உயிர் போயிற்று. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்த பிறகே வால்வைத் தொடலாம்.

அதுவரை சைஃபன் போதும். 150 மி.மீ. குழாயைக் கரைமேல் ஏற்றி இறக்கி, இரு முனையிலும் வால்வு, உச்சியில் மூடியுள்ள டி-இணைப்பு வையுங்கள். முனைகளை மூடி, உச்சி வழியாக நீர் நிரப்பி, மூடியை இறுக்கிவிட்டுத் திறந்தால் ஓடத் தொடங்கும். நாலு மீட்டர் இறக்கம் கிடைத்தால் விநாடிக்குச் சுமார் 50 லிட்டர் போகும். வரத்து இல்லாவிட்டால் உங்கள் ஏரி ஒரு நாளைக்கு 20 செ.மீ. இறங்கும். நாளொன்றுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள், நனைந்த உட்சரிவு தாங்கல் இழந்து சரியும். வெளிமுனை கரையடியில் விழாமல் பாறையிலோ ஓடையிலோ விழட்டும்.

சில்வர் ஓக்கை வெட்டத்தான் வேண்டும், இந்த மழையில் வேண்டாம். காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் ஆள் உயரக் குழி விழும். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால் அது சில வருடத்தில் மக்கித் தண்ணீருக்குக் குழாயாகிவிடும். கோடையில் ஏரியை இறக்கி, மணிக்கட்டுப் பருமன் மரங்களைத் தரையோடு அறுத்துவிடுங்கள். பெரியவற்றை அடிக்கட்டையும் பருத்த வேரும் சேர்த்து எடுத்து, குழியைக் களிமண் கலந்த மண்ணால் 15 செ.மீ. அடுக்குகளாக இடித்து நிரப்புங்கள். அதன்மேல் அருகம்புல் போதும். எலி, நண்டு வளைகளுக்கு 9 பங்கு மண், 1 பங்கு சிமெண்ட், குழம்புப் பதத்தில் ஊற்றி நிரப்பலாம். கரைக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பு எவ்வளவு சிறிதானாலும் பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றையும்தான் பிடிக்கிறது. 6 மீட்டர் கரை அதில் வராது, ஆகவே சோதிக்க யாரும் தேடி வரமாட்டார்கள். மண் அணையில் அனுபவமுள்ள பொறியாளரை நீங்கள்தான் அழைக்க வேண்டும். ஓடையோடு கீழே நடந்து, எந்த வீடு, எந்தச் சிறுபாலம் தண்ணீர்ப் பாதையில் இருக்கிறது என்று எழுதி, வீட்டுக்கு ஒரு தொலைபேசி எண் வாங்கி வையுங்கள். ஜார்ஜியாவின் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அன்று உடைந்தது நள்ளிரவு தாண்டிய நேரத்தில். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள்.

கசிவு கலங்கலாக மாறினாலோ, கரைத்தலைக்கு 30 செ.மீ. கீழே வரை தண்ணீர் ஏறினாலோ முதலில் கீழ்வீடுகளுக்கு அழையுங்கள், அடுத்து மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கு. சைஃபனும் மணல் மூட்டையும் அதற்குப் பிறகு. இருட்டில் யாரும் தனியாகக் கரைமேல் ஏற வேண்டாம்.